படம் யார் கைக்குப் போனது?

தெருவில் போகிறவர்களை அவர்கள் போக்கிலேயே படம் பிடிக்கும் கலைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பாரிஸிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ தொடங்குவார்கள். கைக்கடக்கமான லைக்கா கேமரா வந்தது, கார்த்தியே-பிரெசோன் வந்தார், நகரத்துச் சந்துகளில் ஒரு கலை பிறந்தது என்று கதை போகும். இங்கிலாந்துக்கு இந்தக் கதை அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே முன்பின் தெரியாதவர்களின் கூட்டத்துக்குள் ஒருவர் கேமராவோடு நுழைவதும், கூட்டம் அதைப் பொறுத்துக்கொள்வதும் முதலில் பழகிப்போனது கடற்கரை ஊர்களில்தான்: பிளாக்பூல், பிரைட்டன், மார்கேட், கிரேட் யார்மத். தன் தெருவில் என்றால் யார் நீ என்று கேட்டிருக்கக்கூடிய மனிதர், கோடை விடுமுறையில் மணலில் உட்கார்ந்திருக்கும்போது கேமராவைக் கண்டுகொள்ளவில்லை. இந்தப் பொறுமையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் கலைஞர்கள் இல்லை. சீசனுக்கு வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்த தொழிலாளிகள். அவர்களுக்கும் கூட்டத்துக்கும் இடையில் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருந்தது. எடுப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் படம், படத்தில் இருப்பவர் கைக்கு வர வேண்டும். பின்னால் வந்த கலைஞர்கள் அனுமதியை மட்டும் வாரிசுச் சொத்தாக எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள். கடற்கரைப் படங்களைச் சுற்றி ஒரு நூற்றாண்டாக எழுந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த நிபந்தனை மீறப்பட்ட இடத்தில்தான் எழுந்தன என்பது என் வாதம்.

முதலில் கூட்டம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841இல் ரயில் போடப்பட்டது. பிளாக்பூலுக்கு 1846இல் வந்தது. 1871இல் வந்த வங்கி விடுமுறைச் சட்டம் ஆகஸ்ட் மாதத்து முதல் திங்களை விடுமுறையாக்கி, கோடையின் நடுவில் உழைப்பாளிக்கு ஒரு நாளைக் கொடுத்தது. லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் இன்னும் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. வேக்ஸ் வாரம் என்று அதற்குப் பெயர். ஊரில் உள்ள ஆலைகள் எல்லாம் ஆண்டுக்கு ஒரு வாரம் ஒரே நேரத்தில் கொதிகலனை அணைத்துவிடும். வருஷம் முழுக்க வாராவாரம் சீட்டுப் பிடித்ததுபோல் சேர்த்த பணத்தோடு ஊரே ரயிலேறும். ஊருக்கு ஊர் வாரம் மாறும் என்பதால் பிளாக்பூலுக்குக் கோடை முழுவதும் வியாபாரம். போல்ட்டன் நகரத்து வாரத்தில் பிளாக்பூல் கடற்கரைச் சாலையில் நடந்தால் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் போல்ட்டன்காரர்கள். தறியில் பக்கத்தில் நிற்பவர், அதே தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர். கடற்கரைக் கூட்டத்தை முகமற்ற கூட்டம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அங்கே போனவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவும் பார்க்கப்படவும் போனார்கள். இருப்பதில் நல்ல உடையை, தொப்பியிலிருந்து காலணிவரை, அதற்காகவே எடுத்துவைத்திருந்தார்கள். கையில் செலவழிக்கக் கொஞ்சம் காசு, உடம்பில் நல்ல உடை, செய்ய ஒரு வேலையும் இல்லாத ஒரு வாரம்: படம் எடுத்து விற்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த விற்பனைக்கு ஏற்ற தொழில்நுட்பமும் கூடவே வந்தது. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே இருட்டறையைக் கூடவே இழுத்துப் போக வேண்டும். கடற்கரைப் படக்காரர்கள் கைவண்டியிலும் சிறு கூடாரத்திலும் இருட்டறையை வைத்துக்கொண்டு மணலில் இறங்கினார்கள். அடுத்து வந்தது இரும்புத் தகட்டுப் படம். அமெரிக்காவில் 1856இல் காப்புரிமை பெற்ற இந்த முறை பிரிட்டனில் பரவியபோது, மணல் வியாபாரத்துக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. கறுப்பு மெருகு பூசிய மெல்லிய தகடு; மலிவு, உடையாது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். வாடிக்கையாளர் காத்திருக்கும்போதே சில நிமிஷங்களில் தயார். இடம் வலமாக மாறியிருக்கும். முகம் கொஞ்சம் இருண்டிருக்கும். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. என் வாதத்துக்கு முக்கியமானது வேறொன்று. இந்த முறையில் நெகடிவ் கிடையாது. கேமராவுக்குள் போன தகடே படமாக வெளியே வரும். வாடிக்கையாளர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் படக்காரரிடம் எதுவும் மிஞ்சாது. அவர் தன் வாழ்நாளில் பத்தாயிரம் முகங்களை எடுத்திருந்தாலும், அவற்றில் ஒன்றைக்கூட அவரால் இன்னொருவருக்குக் காட்ட முடியாது. படம் எடுக்கப்பட்டவருக்கே போய்ச் சேரும் என்ற உறுதியை நல்லெண்ணம் தரவில்லை, தகடு தந்தது. அந்தத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் பெயர்கூட இன்று தெரியாமல் போனதற்கும் அதுவே காரணம். ஆசியா முழுதும் சுற்றிவந்த ஜான் தாம்சன் 1877இல் வெளியிடத் தொடங்கிய லண்டன் தெரு வாழ்க்கைப் படத் தொகுதியில், கிளாப்பம் பொதுவெளியில் தொழில் செய்யும் ஒரு படக்காரரே படமாக்கப்பட்டிருக்கிறார். தெருப் படக்காரர் இன்னொருவர் எடுத்த படத்தால்தான் வரலாற்றுக்குள் வர முடிந்தது.

1880களில் நிலைமை மாறியது. உலர் தகடு கடையில் கிடைக்கத் தொடங்கியதும் இருட்டறையைச் சுமக்கும் தேவை போயிற்று. வினாடியில் சிறு பகுதியே போதும் என்பதால் ஆள் அசையாமல் நிற்க வேண்டியதில்லை. ஆகவே அவரிடம் கேட்கவும் வேண்டியதில்லை. பெட்டிபோல, பொட்டலம்போல, புத்தகம்போல மறைத்துச் செய்யப்பட்ட கேமராக்கள் துப்பறியும் கேமரா என்ற பெயரிலேயே விற்றன. மரச்செதுக்கு வேலை செய்து பிழைத்த பால் மார்ட்டின் என்பவர், பொட்டலம்போல் அக்குளில் இடுக்கிக்கொள்ளத்தக்க ஃபசைல் என்ற கேமராவோடு 1892இல் கிரேட் யார்மத் மணலுக்குப் போனார். அங்கே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்த காதலர்களை, பாவாடையைத் தூக்கிப் பிடித்து அலையில் கால் நனைத்த பெண்களை அவர்கள் அறியாமல் எடுத்தார். விக்டோரியா காலத்து மனிதர்கள் விறைத்து நின்றே வாழ்ந்தார்கள் என்ற நம் எண்ணத்தை உடைக்கும் படங்கள் அவை. ஆங்கிலத் தெருப் படக்கலையின் முன்னோடி என்று அவரைச் சொல்வது நியாயம்தான். அதே ஆண்டுகளில் கடற்கரையில் கேமராக்காரர்கள் மேல் கோபமும் கிளம்பியது. குதிரை இழுத்துக் கடலுக்குள் விடும் குளியல் வண்டியிலிருந்து ஈர உடையோடு வெளிவரும் பெண்களைக் கேமராவோடு காத்திருந்து படம் பிடிக்கிறவர்களை உதைப்பதற்கென்றே இளைஞர்கள் சங்கம் சேர்கிறார்கள் என்று 1893இல் ஒரு பத்திரிகை எழுதி, அவர்களுக்கு வாழ்த்தும் சொன்னது.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். கடற்கரைக் கூட்டம் கேமராவைப் பொறுத்துக்கொண்டது என்றால் மார்ட்டின் ஏன் ஒளிக்க வேண்டும், மக்கள் ஏன் உதைக்கக் கிளம்ப வேண்டும்? பொறுமை என்பதே கற்பனைதானே? அப்படித் தோன்றவில்லை. அதே மணலில், அதே நாளில், முக்காலியில் பெரிய கேமராவை நிறுத்திக் கூவி அழைக்கும் தகட்டுப் படக்காரர் இருந்தார். அவரை உதைக்கச் சங்கம் வைக்கவில்லை. பிடுங்கல்காரர், வாய்ச்சவடால்காரர் என்று அவரை வைதார்கள், ஆனால் அது வியாபாரியை வைவது. கோபம், தன்னிடம் வராமல் வேறெங்கோ போகும் படத்தின்மேல். மார்ட்டின் எடுத்த படங்கள் யார்மத் காதலர்களுக்குப் போகவில்லை. சில படங்களில் சுற்றியுள்ள காட்சியைக் கறுப்பாக அடைத்து, ஆட்களை மட்டும் சிலைபோல் தனித்து நிற்கவைத்து, விளக்குப் பட ஸ்லைடுகளாகத் திரையில் காட்டினார். அதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த மதியவேளைகள் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் கேமராவின் அளவால் வந்ததில்லை, படம் போகும் இடத்தால் வந்தது என்பதை அது காட்டுகிறது. இதற்கு நேர்மாறான ஒருவர் விட்பி என்ற கடலோர ஊரில் இருந்தார். பிராங்க் மெடோ சட்கிளிஃப் அங்கே ஸ்டுடியோ வைத்து, விடுமுறைக்கு வரும் பயணிகளை எடுத்துப் பிழைத்தார். அவருடைய புகழ் மீனவர்களையும் துறைமுகத்துச் சிறுவர்களையும் சொல்லி நிறுத்தி எடுத்த படங்களால் வந்தது. பயணிகள் காசு கொடுத்து வாங்கிய படங்கள் அவர்களோடு ரயிலேறிப் போய்விட, காசு கொடுக்காத மீனவர்களின் முகம்தான் காட்சிக்கூடங்களுக்குப் போனது. (அம்மணமாகப் படகில் விளையாடும் சிறுவர்களை 1886இல் எடுத்ததற்காக உள்ளூர்ப் பாதிரிமார் அவரைச் சபை விலக்கம் செய்தார்கள், வேல்ஸ் இளவரசர் அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டார். ஒரே படம் யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து என்னவாகிறது என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.)

இந்தத் தொழிலின் பொற்காலம் இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் வந்தது. அதை எடுத்துச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. ஆனால் இங்கிலாந்தில் பழைய ஆல்பம் இருக்கும் எந்த வீட்டிலும் அதன் சான்று இருக்கும். அஞ்சலட்டை அளவில் ஒரு படம். கடற்கரைச் சாலையில் ஒரு தம்பதியோ கைகோத்த நான்கு பெண்களோ கேமராவை நோக்கி நடந்து வருகிறார்கள். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். ஒருத்தி சிரிக்கத் தொடங்குகிறாள், மற்றவள் இன்னும் கவனிக்கவில்லை. இதற்கு வாக்கி என்று செல்லப்பெயர். மார்கேட்டில் முதல் உலகப் போருக்குப் பின் தொடங்கிய சன்பீம் நிறுவனம் அந்தக் கடற்கரை வட்டாரம் முழுவதும் ஆட்களை நிறுத்திப் பல பத்தாண்டுகள் இதை நடத்தியது. மற்ற ஊர்களிலும் இப்படிப் பல. 1930களில் சிலர் பழைய சினிமா கேமராவையே மாற்றியமைத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றி, நடந்து வருகிறவரின் மூன்று கட்டங்களைத் தொடர்ந்து பிடித்து ஒரே பட்டையாக விற்றார்கள். முறை எளிது. படக்காரர் தூரத்தைக் கணித்து முன்கூட்டியே குவியத்தை வைத்துவிடுவார். எதிரே வருகிறவர் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு சொடுக்கு. உடனே எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணிப்பார். ஃபிலிம் ஓட்டமாக இருட்டறைக்குப் போகும். அன்று மாலையோ மறுநாளோ, கடலுக்குள் நீளும் பியர் மேடையின் அருகிலுள்ள சாவடியில் பலகை முழுக்க ஈரம் காய்ந்தும் காயாத படங்கள் குத்தப்பட்டிருக்கும். சீட்டோடு போய்த் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். நஷ்டம் நிறுவனத்துக்கு.

இதைத் தொழில் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த வேலையில் இருந்த திறமையைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே குவியம் வைப்பது, ஆள் வந்து சேரும் கணத்துக்குக் காத்திருப்பது, இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்று தெரிந்தே அழுத்துவது: இவையெல்லாம் பின்னாளில் தெருப் படக்கலையின் மூலமந்திரங்களாகச் சொல்லப்பட்டவை. இந்தக் கூலிக்காரர்கள் அதை நாளெல்லாம் செய்தார்கள், அதுவும் விற்றால்தான் காசு என்ற கட்டாயத்தில். கூட்டமும் அவர்களோடு பழகிப் பயிற்சி பெற்றது. கேமராவை நோக்கி நடந்தபடியே இயல்பாக இருப்பது எப்படி என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அவர்கள் மரியாதைக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. வழியை மறித்தார்கள், சீட்டை வாங்காதவர் பின்னாலேயே போனார்கள், நகராட்சிகளுக்கு அவர்கள் தலைவலி. பலகையில் குத்திய படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மனைவியல்லாத ஒருத்தியோடு நடந்து மாட்டிக்கொள்ள அது ஒன்றே போதும். இந்தக் குறையை மறைப்பதற்கில்லை. ஆனாலும் முடிவு செய்யும் உரிமை படத்தில் இருந்தவரிடம் இருந்தது. வாங்குவதா விடுவதா, வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைப்பதா கிழித்துப்போடுவதா என்பது அவர் பாடு. சென்னை மெரினாவில் சினிமா நடிகர்களின் கட்-அவுட் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுத்தவர்களும் இதே வியாபாரத்தைத்தான் செய்தார்கள்.

வாக்கிப் பழக்கம் உச்சத்திலிருந்த அந்த நாட்களிலேயே பிளாக்பூலுக்கு வேறொரு வகைக் கேமரா வந்தது. 1937இல் டாம் ஹாரிசன், சார்ல்ஸ் மேட்ஜ், ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் ஆகியோர் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் இயக்கம், சொந்த நாட்டு மக்களையே மானுடவியலாளர் கண்ணால் ஆராய முற்பட்டது. போல்ட்டன் நகரத்துக்கு ஒர்க்டவுன் என்று புனைபெயர் வைத்து, அந்த ஊர் மக்கள் வேலைசெய்வது, குடிப்பது, வழிபடுவது எல்லாவற்றையும் குறிப்பெடுத்தார்கள். அவர்கள் விடுமுறைக்குப் போகும் பிளாக்பூலுக்கும் பின்தொடர்ந்தார்கள். படம் எடுத்தவர் ஹம்ப்ரி ஸ்பெண்டர். கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் சகோதரர். லைக்காவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு எடுத்தார். கூட்டத்தை உளவு பார்ப்பதுபோன்ற கூச்சம் தனக்கு இருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்; போல்ட்டன் மதுக்கடையொன்றில் உரிமையாளரோடு தகராறும் வந்தது. கவனியுங்கள்: பத்தடி தள்ளி வாக்கி படக்காரர் பகிரங்கமாக நின்று அதே மனிதர்களை அதே நடையில் எடுக்கிறார். நோக்கத்தில் ஸ்பெண்டர் உயர்ந்தவர். காசுக்காக எடுக்கவில்லை, ஒரு வர்க்கத்தின் வாழ்வைப் பதிவு செய்ய எடுத்தார். ஆனால் அவரிடம் கொடுப்பதற்குச் சீட்டு இல்லை. அந்தப் படங்களில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் அச்சேறவே இல்லை. கடைசியில் அவை போய்ச் சேர்ந்த இடம் போல்ட்டன் அருங்காட்சியகம். எடுத்தவர் திட்டமிடாமலே, படங்கள் கிட்டத்தட்ட உரியவர்களின் ஊருக்கே திரும்பிவிட்டன. அதற்குள் அவற்றில் இருந்த பலரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு.

இரண்டாம் உலகப் போர் கடற்கரைகளை முள்வேலியாலும் கண்ணிவெடியாலும் மூடியது. திறந்தபின் கூட்டம் முன்னைவிடப் பெருகியது. 1938இல் வந்த ஊதியத்தோடு விடுமுறைச் சட்டத்தின் பலன் அப்போதுதான் முழுதாகக் கிடைத்தது. அந்தக் காலத்தின் முத்திரைப் படம் பெர்ட் ஹார்டி 1951இல் பிக்சர் போஸ்ட் இதழுக்காக பிளாக்பூலில் எடுத்தது. கம்பி வேலிமேல் இரு பெண்கள், காற்றில் பறக்கும் பாவாடை. நல்ல படத்துக்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை என்று நிரூபிக்கச் சாதாரண பாக்ஸ் பிரவுனியில் எடுத்தார். தற்செயலாகக் கண்ட காட்சிபோல் தெரியும் அது, சொல்லி உட்காரவைத்து எடுத்தது. அந்தப் பிரவுனியும், 1963இல் வந்த கோடக் இன்ஸ்டமேட்டிக்கும்தான் வாக்கி தொழிலை முடித்துவைத்தன. கழுத்தில் சொந்தக் கேமரா தொங்கும்போது சாவடிக்கு யார் போவார்கள்? ஸ்பெயினுக்கு மலிவான விமானப் பயணம் வந்தபின் கூட்டமே கரையத் தொடங்கியது.

தொழிலாளிகள் விலகிய மணலில் கலைஞர்கள் நிரம்பினார்கள். அமெரிக்காவில் பயின்று திரும்பிய டோனி ரே-ஜோன்ஸ் 1960களின் பிற்பாதியில் ஒரு வேனில் கடலோரமாகச் சுற்றி, ஆங்கிலேயரின் விடுமுறைச் சடங்குகளை எடுத்தார். ஒரே சட்டகத்துக்குள் ஐந்தாறு தனித்தனிக் கதைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அசட்டுத்தனம், கொஞ்சம் தனிமை. 1972இல் முப்பது வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் 1974இல் அவருக்குப் பின் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர் மார்ட்டின் பார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகும் ஒரு தகவல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1970களின் தொடக்கத்தில், மான்செஸ்டரில் மாணவராக இருந்தபோது, யார்க்ஷயர் கடலோரம் ஃபைலியில் இருந்த பட்லின்ஸ் விடுமுறை முகாமில் அவர் கூலிக்குப் படம் எடுத்தார். விடுமுறைக்காரர்களை எடுத்து அவர்களுக்கே விற்கும் அதே பழைய வேலை. கூட்டத்துக்குள் கூசாமல் நெருங்குவதை அங்கே கற்றார் என்று நினைப்பது தவறாகாது. 1983 முதல் 1985 வரை லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள நியூ பிரைட்டனில் எடுத்து 1986இல் ‘தி லாஸ்ட் ரிசார்ட்’ என்று வெளியிட்ட வண்ணப் படங்களில் அவர் எதையும் ஒளிக்கவில்லை. பெரிய பிளாபெல் கேமரா, பட்டப்பகலில் ஃபிளாஷ். குப்பை வழியும் தொட்டி, ராட்சச இயந்திரத்தின் பக்கத்தில் வெயில் காயும் பெண், அழும் குழந்தை, ஐஸ்கிரீம் வழியும் முகம். கண்முன் ஃபிளாஷ் வெட்டியும் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடற்கரையில் கேமரா என்றால் அப்படித்தான் என்று மூன்று தலைமுறை பழகியிருந்தது.

இந்தப் படங்களை லிவர்பூலில் காட்டியபோது பெரிய கொந்தளிப்பு இல்லை. அந்த இடமும் அந்தக் குப்பையும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தவை. லண்டனின் செர்ப்பன்டைன் கலைக்கூடத்துக்குப் போனபோதுதான் உழைக்கும் வர்க்கத்தை இழிவுபடுத்துகிறார் என்ற கண்டனம் எழுந்தது. இதை லண்டன் விமர்சகர்களின் பாசாங்கு என்று பாரின் ஆதரவாளர்கள் தள்ளுவதுண்டு. எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. நியூ பிரைட்டனில் ஐஸ்கிரீம் தின்கிறவரின் படம் நியூ பிரைட்டனுக்கு அருகில் இருக்கும்வரை அது ஞாயிற்றுக்கிழமை. முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, அங்கே ஒருநாளும் போகாதவர்கள் வெள்ளைச் சுவரில் பார்க்கும்போது அது ஒரு வர்க்கத்தின் மாதிரி. ஒளி, வண்ணம், கோணம் எதுவும் மாறவில்லை. மாறியது கைகள். கண்டனக்காரர்கள் பார் கொடுமைக்காரர் என்றார்கள். அது தவறு, அவர் நகைச்சுவையில் கசப்பைவிடப் பிரியம் அதிகம். ஆனால் ஏதோ ஒன்று கைமாறிவிட்டது என்று அவர்களுக்குப் பட்டது சரி.

இனி என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். படம், படத்தில் இருப்பவர் கைக்கே போக வேண்டும் என்றால் வரலாறு எப்படி மிஞ்சும்? வாக்கி படங்கள் வீடு வீடாகச் சிதறின. யாரும் வாங்காதவை குப்பைக்குப் போயின. அதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு. வாங்குகிறவர்தான் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அவரே தணிக்கையாளர். அழும் குழந்தையின் படத்துக்கு எந்தத் தாயும் காசு கொடுக்கமாட்டாள். ஆகவே வாக்கி உலகில் மழை பெய்வதில்லை, கணவன் மனைவி சண்டையிடுவதில்லை, குப்பை சேர்வதில்லை. ஒருவருடைய சட்டை, காலணி, கைப்பை, தொப்பி எல்லாவற்றையும் அவை துல்லியமாகச் சொல்லும். அந்த நாள் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாது. அதற்கு பால் மார்ட்டின் வேண்டும், ஸ்பெண்டர் வேண்டும், பார் வேண்டும். இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நிபந்தனையைத் தூக்கி எறிய இது நியாயமாகாது. அதற்கு விலை உண்டு என்றே இது காட்டுகிறது. இன்னொரு ஆட்சேபம், சட்டம் பற்றியது: பொது இடத்தில் நிற்பவரைப் படமெடுக்க இங்கிலாந்தில் ஒப்புதல் தேவையில்லை, பிறகென்ன பேச்சு? சட்டம் எடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் பிரான்சில், 1970இல் சிவில் சட்டத்தில் சேர்ந்த ஒன்பதாவது பிரிவைக் காட்டி, தன் படம் எங்கே வெளியாகிறது என்று ஒருவர் நீதிமன்றத்தில் கேட்க முடியும். அதே கடலின் இரண்டு கரைகளில் இரண்டு விடை என்றால், கேள்வி அர்த்தமற்றது என்று சொல்ல முடியாது.

விலையைக் கொடுத்துக்கொண்டே நிபந்தனையையும் காப்பாற்றிய ஒருவரும் இதே தொழிலிலிருந்து வந்தார். ஃபைலி முகாமில் 1972இல் பாரோடு சேர்ந்து கூலிக்குப் படமெடுத்த டேனியல் மெடோஸ், அடுத்த ஆண்டு ஒரு பழைய இரட்டை மாடிப் பேருந்தை வாங்கி, அதிலேயே இருட்டறையும் படுக்கையும் வைத்துக்கொண்டு நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். போன ஊரில் நிறுத்துவார், வருகிறவர்களை இலவசமாக எடுப்பார், கழுவி அச்சிட்டு அவர்களிடமே கொடுப்பார். பதினான்கு மாதம், ஏறக்குறைய பத்தாயிரம் மைல், 22 ஊர்கள், 958 பேர். தகட்டுப் படக்காரரால் முடியாத ஒன்று அவரால் முடிந்தது: படத்தைக் கொடுத்துவிட்டு நெகடிவை வைத்துக்கொண்டார். 1990களில் அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போய், பழைய முகங்களைத் தேடிக் கண்டுபிடித்து, முன்பு நின்றவர்களை மறுபடி நிற்கவைத்து எடுத்தார். வந்து நின்றவர்கள், முதல் படம் வந்தவழியைத் தெரிந்துவைத்திருந்ததால் வந்தார்கள். நியூ பிரைட்டனில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் அகப்பட்டவர்களை இருபத்தைந்து ஆண்டு கழித்து அப்படி அழைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று சொல்வது கடினம். நிறையப் பேர் வந்திருக்கவும் கூடும்.